கடல் கடக்கும் உழைப்பும் கரையிலேயே நின்றுவிடும் பாதுகாப்பும்

புதுக்கடை நீதிமன்றத் தொகுதியைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு வேலை நாள் காலையில் நின்று பார்த்தால், கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே இன்னொரு கூட்டத்தையும் காணலாம். வழக்குக்கு வந்தவர்கள் அல்லர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் கடவுச்சீட்டின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ். ஒருவர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிறார். இன்னொருவர் வீட்டுக் காணியைப் பார்த்துக்கொள்ள மைத்துனருக்கு அற்றோணித் தத்துவம் எழுத நொத்தாரிசிடம் வந்திருக்கிறார். இவர்களில் பலர் அடுத்த சில வாரங்களில் கட்டுநாயக்கவில் விமானம் ஏறுவார்கள்.

அந்த உறைக்குள் எல்லாக் கடதாசியும் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அங்கே போய் நோய்வாய்ப்பட்டால், கை உடைந்தால், கம்பனி மூடப்பட்டால், ஐம்பத்தைந்து வயதில் திரும்பி வந்தால் எந்த நாட்டின் நிதியம் இவருக்குப் பொறுப்பு என்று சொல்லும் கடதாசி அதில் இல்லை. அப்படியொரு கடதாசியை நாம் கேட்பதும் இல்லை.

உள்நாட்டுத் தொழிலாளியோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு விளங்கும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னுமொரு 3 வீதம். ஆக, நூறு ரூபா சம்பளத்துக்கு 23 ரூபா முதுமைக்காக எங்கோ ஓரிடத்தில் சேர்கிறது. அதே ஆள் ஆடைத் தொழிற்சாலையை விட்டுக் குவைத்துக்குப் போகும் நாளில் அந்தக் கணக்கு அப்படியே உறைந்துவிடுகிறது. இருபது வருடம் அங்கே உழைத்தாலும் அந்த உழைப்புக்கான பங்களிப்பாக இங்கே அதில் ஒரு ரூபாவும் ஏறாது. 2024இல் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் 6.5 பில்லியன் டொலரைத் தாண்டியது என்று அரசு பெருமைப்பட்டது. அதை அனுப்பியவர்களின் சேமலாப நிதிக் கணக்கை யாரும் கேட்கவில்லை.

ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. ஒரு நாட்டின் கம்பனி தன் தொழிலாளியை இன்னொரு நாட்டுக்குத் தற்காலிகமாக வேலைக்கு அனுப்பினால், 24 மாதம் வரை அவர் தன் சொந்த நாட்டின் சமூகப் பாதுகாப்பிலேயே தொடர்ந்து இருப்பார். அங்கேயே பங்களிப்புச் செலுத்தப்படுகிறது என்பதற்குச் சான்றாக ஏ1 என்ற பத்திரம் கொடுக்கப்படும். சம்பளம் மட்டும் போன நாட்டின் சட்டப்படி. 1996இல் வந்த விதியில் போன நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே உத்தரவாதமாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூலை 30 முதல் அந்த நாட்டின் சட்டமும் பொதுவாகப் பிணைக்கும் கூட்டு ஒப்பந்தங்களும் சொல்லும் முழு ஊதியமும் உரித்தானது. எல்லையைத் தாண்டும்போது தொழிலாளி எதையும் கழற்றிப் போடத் தேவையில்லை என்பதே இதன் அடிப்படை.

இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான சலுகை என்று நினைத்துவிடக் கூடாது. பெல்ஜியத்தில் சட்டபூர்வமாக வேலை செய்த மொரோக்கோ நாட்டவர்களை அவர்களின் முதலாளி பிரான்ஸில் ஒரு கட்டிடத்தை இடிக்கும் வேலைக்கு அனுப்பினார். தனி வேலை அனுமதி இல்லை என்று பிரான்ஸ் அபராதம் போட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1994இல் முதலாளிக்குச் சார்பாகத் தீர்ப்பானது. ஓர் உறுப்பு நாட்டில் ஒழுங்காக வேலை செய்யும் மூன்றாம் நாட்டவரை இன்னொரு நாட்டுக்கு அனுப்பப் புதிய வேலை அனுமதி கேட்க முடியாது என்பது அதன் சாரம். வழக்குத் தொடுத்தது முதலாளிதான், தொழிலாளர்கள் அல்லர். ஆனாலும் மொரோக்கோ தொழிலாளி வாயிலாகத் திறந்த அந்தக் கதவு இன்று இலங்கையருக்கும் திறந்தே இருக்கிறது.

எப்படி? ருமேனியா வழியாக. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் தொழிலாளர்களுக்காக ருமேனியா 2022 முதல் வருடத்துக்கு ஒரு இலட்சம் அனுமதிகள் ஒதுக்கியது. நேபாளத்தவருக்கும் பங்களாதேஷியருக்கும் பக்கத்தில் எமது நாட்டவரும் கட்டிட வேலைக்கும் தையல் வேலைக்கும் போனார்கள். 2025இல் ருமேனியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,050 லெய், ஏறத்தாழ 800 யூரோ, அதுவும் கழிவுகளுக்கு முன். ஜேர்மனியில் அதே ஆண்டு குறைந்தபட்சம் மணித்தியாலத்துக்கு 12.82 யூரோ. இந்த வித்தியாசத்தைக் கேள்விப்பட்ட இளைஞன் என்ன செய்வான்? 2025 ஜனவரி முதலாம் திகதி ருமேனியா ஷெங்கன் வலயத்தில் முழுமையாக இணைந்தபின் தரைவழிச் சோதனைகளும் நீங்கிவிட்டன. வேன் தயாராக இருக்கிறது, காசு மட்டும் தா என்று சொல்லும் தரகனும் இருக்கிறான்.

இங்கேதான் எமது பிள்ளைகள் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். கம்பனியே ஏ1 பத்திரத்தோடு ஜேர்மனிக்கு அனுப்பினால் அவர் சட்டத்தின் உள்ளே இருக்கிறார்: ஜேர்மன் சம்பளம், ருமேனியக் காப்புறுதி. தானாக வேனில் ஏறிப் போனால் சோதனைச் சாவடி இல்லாவிட்டாலும் அவருடைய வேலை அனுமதி எல்லையிலேயே நின்றுவிடும். சாரத்திலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு அவருடையது. சம்பளம் தராவிட்டால் முறையிடவும் பயப்படுவார். இரண்டுமே ஒரே பாதை, ஒரே தூரம். இதைப் புறப்படுமுன் சொல்லிக்கொடுக்கும் முகவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஐரோப்பிய ஏற்பாட்டில் ஓட்டை இல்லை என்று சொல்ல வரவில்லை. 2023இல் ஜேர்மனியின் கிராஃபென்ஹவுசன் நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில் லொறிச் சாரதிகள் வாரக்கணக்கில் வண்டிகளை நிறுத்திவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜோர்ஜியா, உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். போலந்துக் கம்பனி ஒன்றுக்காக மேற்கு ஐரோப்பா எங்கும் ஓடியவர்கள். மாதக்கணக்கில் கூலி வரவில்லை. வண்டிகளை மீட்க முதலாளி தனியார் காவல் படையோடு வந்து இறங்கினார். பொலிஸார் தலையிட்டார்கள். தொழிற்சங்கங்கள் பக்கத்தில் நின்றன, உள்ளூர் மக்கள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசியில் கூலி கிடைத்தது. சட்டப் புத்தகம் மட்டும் அந்தக் கூலியை வாங்கித் தரவில்லை. ஆனால் காட்டிக் கேட்பதற்குப் புத்தகமாவது இருந்தது.

இனி எமக்கு நெருக்கமான வளைகுடாவுக்கு வருவோம். ஐரோப்பாவைப் போன்ற ஓர் ஏற்பாடு வளைகுடாவிலும் இருக்கிறது என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. குவைத் பிரஜை ஒருவர் கட்டாரில் வேலை செய்தால், பஹ்ரைன் பிரஜை சவூதியில் வேலை செய்தால், அவருடைய ஓய்வூதியக் காப்பு சொந்த நாட்டிலிருந்தே தொடரும். 2006 முதல் வளைகுடா ஒத்துழைப்புச் சபை நாடுகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆகவே எல்லை தாண்டும் சமூகப் பாதுகாப்பு என்பது அரபு நாடுகளுக்குப் புரியாத மேற்கத்தேயச் சரக்கு அல்ல. தங்கள் பிரஜைகளுக்கு அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள், அந்த நகரங்களைக் கட்டியவர்களும் அந்த வீடுகளில் சமைப்பவர்களும்தான்.

வெளிநாட்டவருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் சேவை முடிவுக் கொடுப்பனவு மட்டுமே. சவூதித் தொழிற் சட்டத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதன்பின் ஒரு மாதம். வீட்டுப் பணியாளர்கள் அந்தச் சட்டத்துக்கே வெளியே, அவர்களுக்குத் தனி ஒழுங்குவிதிகள். கொடுப்பனவு முதலாளியின் கையிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் கம்பனி முறிந்தால் அதுவும் போச்சு. 2020இல் கொரோனாவோடு வெறுங்கையாய்த் திரும்பியவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. பஹ்ரைன் 2024 மார்ச் முதல் இந்தத் தொகையை முதலாளிமார் மாதாமாதம் அரச சமூகக் காப்புறுதி நிறுவனத்தில் செலுத்தவேண்டும் என்று ஆக்கியது நல்ல மாற்றம். மற்ற நாடுகளிடமும் இதைக் கேட்க எமது தூதரகங்களுக்கு இப்போது ஒரு முன்னுதாரணம் கிடைத்திருக்கிறது.

கேட்பார்களா? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவானது. புலம்பெயர் தொழிலாளர் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1996இலேயே ஏற்றது. வளைகுடா நாடுகளில் ஒன்றுகூட, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒன்றுகூட அதை ஏற்கவில்லை. அதாவது, அனுப்பும் நாடு மட்டும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. பணியகத்தில் பதிந்தால் காப்புறுதி உண்டு, உண்மை. ஆனால் அது விபத்துக்கும் மரணத்துக்குமானது, முதுமைக்கானது அல்ல. சுற்றுலா விசாவில் போனவர்களுக்கு அதுவும் இல்லை. 2022இல் ஓமானில் எமது பெண்கள் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் அடைக்கலமாக இருந்த செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. அந்த விவகாரத்தின் நடுவே இருந்ததும் இதே சுற்றுலா விசாதான்.

மூதூரின் ரிஸானா நபீக்கை மறந்திருக்க மாட்டோம். 2005இல் சவூதிக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழின்படி அவருக்குப் பதினேழு வயது, கடவுச்சீட்டில் அதைவிடக் கூட. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவருடைய ஆவணங்களில் மோசடி செய்தவர்களுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. புதுக்கடையின் நீதி அந்த முகவர்களை எட்டியது. தவாத்மியில் அடைபட்டிருந்த அந்தப் பிள்ளையை எட்டவில்லை.

பிற நாடுகள் சும்மா இருக்கவில்லை. இந்தியா பெல்ஜியம், ஜேர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் செய்து, தன் சேமலாப நிதி நிறுவனத்தின் சான்றிதழோடு ஆட்களை அனுப்புகிறது. பயன்பெறுவோர் பெரும்பாலும் கணினித் துறையினர் என்பது வேறு விடயம். பிலிப்பைன்ஸ் 2018இன் சட்டத்தால் வெளிநாட்டுத் தொழிலாளர் அனைவரையும் சமூகப் பாதுகாப்பு நிதியத்தில் கட்டாயமாகச் சேர்த்தது. ஆனால் ஒப்பந்தம் இல்லாத நாடுகளில் முதலாளியின் பங்கையும் தொழிலாளியே கட்ட வேண்டியிருக்கிறது. இலங்கை இதைப் பின்பற்ற நினைத்தால் அந்தத் தவறை விட்டுவிட்டுப் பின்பற்றட்டும். பணம் அனுப்புபவரிடம் இன்னும் பணம் பிடுங்குவது பாதுகாப்பு ஆகாது. ஆட்சேர்ப்புக்காக அரசு கையெழுத்திடும் ஒவ்வொரு உடன்படிக்கையிலும் முதலாளியின் மாதப் பங்களிப்பு ஒரு வாசகமாக இடம்பெற வேண்டும், அது இலங்கையில் திறக்கப்பட்ட கணக்குக்கு வர வேண்டும். ஒரு நாட்டோடு தொடங்கினாலும் போதும்.

எமது சமூகத்தின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. கிண்ணியா, மூதூர், காத்தான்குடி, புத்தளம் என்று எந்த ஊரின் ஸகாத் குழுவிடம் கேட்டாலும், விண்ணப்பிப்போரில் இருபது வருடம் வெளிநாட்டில் உழைத்துச் சீனி வியாதியோடு திரும்பியவர்கள் இருப்பதைச் சொல்வார்கள். அவர்களுக்குக் கொடுப்பது கடமைதான். ஆனால் நடப்பது என்ன? ரியாதில் முதலாளி கொடுத்திருக்க வேண்டியதை மூதூரின் மீனவரும் கடைக்காரரும் ஸகாத்தாகக் கொடுக்கிறார்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் நபிமொழியை மிம்பரில் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் கூலியில் முதுமைக்கான பங்கும் சேர்த்தி என்று ஒரு குத்பாவாவது பேசலாம்.

உலமா சபையின் பிரதிநிதிகளும் முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்களும் வளைகுடாத் தூதுவர்களைச் சந்திக்கிறார்கள். பேரீச்சம்பழம், குர்ஆன் பிரதிகள், பள்ளிவாசல் புனரமைப்பு, ஹஜ் கோட்டா எல்லாம் பேசப்படுகின்றன. அடுத்த சந்திப்பின் நிகழ்ச்சி நிரலில் பஹ்ரைனின் 2024 ஏற்பாட்டையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை, புதுக்கடைத் தெருவில் உறையோடு நிற்பவர் முகவரிடம் இரண்டு கேள்விகளையாவது கேட்டுவிட்டுக் கையெழுத்திடட்டும். என் பெயரில் பங்களிப்புச் செலுத்தப்படுமா, எந்த நிதியத்துக்கு? என்னை இன்னொரு நாட்டுக்கு அனுப்பினால் எந்தப் பத்திரத்தோடு அனுப்புவீர்கள்? பதிலை வாயால் அல்ல, ஒப்பந்தத்தில் எழுத்தில் கேட்கட்டும். அதை வாசித்துப் பார்க்க அதே தெருவிலேயே சட்டத்தரணிகள் இருக்கிறார்கள்.