'கேஸ்' வலி என்று படுத்துவிடாதீர்கள்!

மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி. முதுகு வரை பரவுகிறது, வாந்தியும் நிற்கவில்லை. 'கேஸ்தான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். தீவிர கணைய அழற்சியாக இருக்கலாம். பித்தப்பைக் கல்லும் மதுவும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள்.

உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள், கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி அதையே அரிக்கின்றன. அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. ரத்தம் கெட்டியாகி, ஓட்டம் மந்தமாகிறது. ரத்தம் கிடைக்காத பகுதி செயலிழந்து அழியலாம்.

இந்தக் குழாய்கள் சுருங்காமல் காப்பது, அவற்றின் உட்சுவரே உற்பத்தி செய்யும் நைட்ரிக் ஆக்ஸைடு வாயு. இதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆனால், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அழற்சியின்போது இது அதிகமாகச் சுரந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

'நைட்ரிக் ஆக்ஸைடைக் கூட்டும்' என்று ஜிம் பவுடர்களில் விற்கப்படும் எல்-ஆர்ஜினைன் இதற்கு மருந்தல்ல. ஆய்வகத்தில் எலிகளுக்குக் கணைய அழற்சியை வரவழைக்கவே அதை அதிக அளவில் செலுத்துகிறார்கள்!

ரத்த ஓட்டத்தைக் காப்பாற்ற மருத்துவர்கள் முதலில் ஏற்றுவது டிரிப்ஸ். அதற்கும் அளவு உண்டு. 2022-ல் வெளியான 'வாட்டர்ஃபால்' ஆய்வில், வேகமாக ஏற்றப்பட்டவர்களில் 100-க்கு 20 பேருக்கு உடலில் நீர் மிகுந்துபோனது. நிதானமாக ஏற்றப்பட்டவர்களில் 6 பேருக்குத்தான்.

எவ்வளவு ஏற்றுவது என்பது மருத்துவர் வேலை. வலியைப் பொறுத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்குப் போவது நம் வேலை.