மின்கல உறையில் அச்சிடப்படாத ஒரு வரி

சற்று நீண்ட பதிவு இது. இரண்டு பென்சில் செல்களைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். களத்தில் கருவி வைத்துத் தரவு சேகரிக்கும் ஆய்வு மாணவர்களாவது இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

கடந்த தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கழக்கூட்டத்தை அடுத்த ஒரு களத்தில் நான் வைத்திருந்த வெப்பநிலை, ஈரப்பதப் பதிவுக் கருவி பதினெட்டு நாள்கள் எதையும் பதியவில்லை. பழுது ஏதும் இல்லை. மின்கலம் தீர்ந்திருந்தது, அவ்வளவே. அதுவரை அதில் ஆல்கலைன் மின்கலங்களையே இட்டுவந்தோம். திரையில் முப்பது விழுக்காடு என்று தெரிந்ததும், ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாற்றிவிடுவோம். ஜனவரியில் உடன் பணிபுரியும் இளைய ஆய்வாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு லித்தியம் மின்கலங்களை வாங்கி வந்தார். “விலை கூடுதல்தான் அண்ணா, ஆனால் நெடுநாள் வரும்” என்றார். உண்மையாகவே நெடுநாள் வந்தது. மே மாதத்திலும் திரை முழு அளவையே காட்டியது. ஜூன் தொடக்கத்தில் பார்த்தபோதும் மாற்றம் இல்லை. ஆகவே மாற்றாமல் திரும்பினேன். அடுத்த முறை சென்றபோது திரை இருண்டிருந்தது. மழை வலுத்த நாள்களின் தரவு முழுவதும் போயிற்று.

குறை அந்த இளைஞருடையதும் அன்று, மின்கலத்தினுடையதும் அன்று. திரையில் தெரியும் விழுக்காட்டை அளக்கப்பட்ட உண்மையாக எடுத்துக்கொண்ட என்னுடையது. கருவி மின்கலத்தில் எஞ்சியுள்ள ஆற்றலை அளப்பதில்லை. அது அளப்பது மின்னழுத்தத்தை மட்டுமே; அதிலிருந்து எஞ்சிய ஆற்றலை ஊகிக்கிறது. அந்த ஊகம் எந்த வகை மின்கலத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதே கேள்வி.

ஆல்கலைன் மின்கலத்தின் எதிர்முனை துத்தநாகத் தூள். நேர்முனை மாங்கனீசு டைஆக்சைடு. இடையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கரைசல். புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 1.6 வோல்ட் காட்டும். பயன்படுத்தப் பயன்படுத்த அது சரிவுப் பாதையில் இறங்குவதுபோலக் குறைந்துகொண்டே வந்து, 0.9 வோல்ட் அளவில் பெரும்பாலான கருவிகளுக்குப் பயன்படாமல் போகும். இந்தச் சரிவே ஊகத்துக்கு இடம் தருகிறது. அதே ஏஏ அளவில் கிடைக்கும் லித்தியம் மின்கலத்தின் எதிர்முனை லித்தியம் உலோகம். நேர்முனை இரும்பு டைசல்பைடு. கரைசலில் நீர் இல்லை. சுமையேற்றியபின் அது ஆயுளின் பெரும்பகுதியில் 1.5 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். இறுதியில் திடீரென விழும். ஆல்கலைனின் சரிவை நம்பி எழுதப்பட்ட கணக்கு, லித்தியத்தைக் காணும்போதெல்லாம் “புதியது” என்றே சொல்லும். என் கருவியும் அதைத்தான் சொன்னது.

இச்சிக்கல் ஆய்வுக்களத்தோடு நின்றுவிடவில்லை. 2024 அக்டோபரில் ஹரியானா சட்டமன்றத் தேர்தல் முடிவு வெளிவந்தபோது, சில வாக்குப்பதிவு இயந்திரங்களின் மின்கலம் 99 விழுக்காடு காட்டியது எப்படி என்று காங்கிரஸ் கட்சி புகார் எழுப்பியது. இயந்திரத்தில் இருப்பது மறுமின்னேற்றம் செய்ய இயலாத ஆல்கலைன் மின்கலத் தொகுதி என்றும், மின்னழுத்தம் 7.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்வரை திரை 99 என்றே காட்டும், அதற்குக் கீழே இறங்கிய பின்னரே விழுக்காடு குறையத் தொடங்கும் என்றும் தேர்தல் ஆணையம் விளக்கியது. அத்தேர்தல் குறித்த பிற வாதங்களுக்குள் நான் செல்லவில்லை. என் கவலை ஒன்றுதான். விழுக்காடு என்று எழுதப்பட்ட ஓர் எண், உண்மையில் ஒரு மின்னழுத்த எல்லையின் பெயராக இருந்தது. அதைப் படித்தவர்களுக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வழியும் எளிதாக இல்லை.

இப்போது கடைக்கு வருவோம். கழக்கூட்டம் சந்திப்பில் உள்ள எந்தக் கடையிலும் ஏஏ அளவில் பெரும்பாலும் இரண்டு வகையும், பெரிய கடையாக இருப்பின் மூன்று வகையும் கிடைக்கும்: விலை குறைந்த துத்தநாக‑கார்பன், இடைநிலையில் ஆல்கலைன், பன்மடங்கு விலையில் லித்தியம். எது நல்லது என்று கேட்டால் விலை கூடியதைக் காட்டுவார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல இயலாது. உறையிலும் “நீண்ட ஆயுள்” என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எந்தக் கருவியில், எத்தனை மணி நேரம் என்ற வரி அங்கே இல்லை.

அந்த ஒரு வரி இல்லாததன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சுவர்க் கடிகாரம் சராசரியாக இழுக்கும் மின்னோட்டம் மில்லி ஆம்பியரில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு மட்டுமே. அத்தகைய மெல்லிய சுமையில் ஆல்கலைன் ஏஏ ஏறத்தாழ 2500 மில்லி ஆம்பியர்‑மணியும், லித்தியம் 3000 முதல் 3500 வரையும் தரும். வேறுபாடு ஒன்றரை மடங்கைத் தாண்டாது. விலை வேறுபாடோ அதனினும் மிகப் பெரிது. கடிகாரத்துக்கும் தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் லித்தியம் வாங்குவது வீண் செலவு. ஆனால் ஒளிப்படக் கருவியின் ஃபிளாஷைப் போல ஓர் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் கருவியில் கணக்கு தலைகீழாகும். ஆல்கலைனின் உள்தடை காரணமாக அதன் பயன்படும் கொள்ளளவு பாதிக்கும் கீழே சரிந்துவிடும். லித்தியம் அங்கும் ஏறத்தாழ 3000 தரும். ஆகவே, ஒரே இரண்டு மின்கலங்களில் ஒன்று மற்றதைவிடச் சற்றே மேலானது என்பதும் உண்மை. பல மடங்கு மேலானது என்பதும் உண்மை. சுமையைச் சொல்லாமல் ஆயுளைச் சொல்வது, தொலைவைச் சொல்லாமல் பயண நேரத்தைச் சொல்வதற்கு ஒப்பானது.

லித்தியத்துக்கே உரிய இடங்களும் உண்டு. கழக்கூட்டத்துக்கு அண்மையிலுள்ள தும்பாவில் வளிமண்டல ஆய்வுக்காக பலூன்கள் பறக்கவிடப்படுவதை நம்மில் பலர் அறிவோம். நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை −80 டிகிரி செல்சியசை நெருங்கும். நீர்க்கரைசலைக் கொண்ட ஆல்கலைன் −18 டிகிரிக்குக் கீழேயே தளர்ந்துபோகும்; லித்தியம் −40 வரை உழைக்கும். உலகெங்கும் பலூன்களோடு அனுப்பப்படும் வைசாலா நிறுவனத்தின் ஆர்எஸ்41 கருவியில் இரண்டு ஏஏ லித்தியம் மின்கலங்கள் இருப்பது இதனால்தான். அவை 15 கிராம் எடையே உள்ளவை. ஆல்கலைன் ஏறத்தாழ 23 கிராம். பலூனுக்கு அந்த எட்டு கிராமும் பொருட்படுத்தத்தக்கதே.

வீட்டுக்குள்ளும் ஓரிடம் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலையும், அடுத்த ஆண்டு வெள்ளத்தையும் கண்ட ஊர்கள் நம்முடையவை. அவசரத்துக்கென்று எடுத்துவைக்கும் டார்ச் விளக்கு ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கும். ஆல்கலைனுக்குப் பத்தாண்டுச் சேமிப்பு ஆயுள் என்று சொல்லப்பட்டாலும், நம் கடற்கரை வெப்பத்தில் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து அடைப்பு விலகினால், காரக் கரைசல் கசிந்து வெண்மையாகப் பூத்து, உலோக முனைகளை அரித்துவிடும். இருபதாண்டுச் சேமிப்பு ஆயுளும் கசிவு அரிதான அமைப்பும் கொண்ட லித்தியத்துக்கு அங்கே கொடுக்கும் கூடுதல் விலை நியாயமானது. வாரந்தோறும் மின்கலம் தின்னும் விளையாட்டுப் பொருளுக்கோ இரண்டுமே பொருந்தா. மறுமின்னேற்றம் செய்யத்தக்க நிக்கல் மின்கலமே அங்கு அறிவுடைய தேர்வு.

“லித்தியம்” என்ற சொல்லிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அது ஒரு குடும்பப் பெயர். எடை பார்க்கும் இயந்திரத்திலும் கார்ச் சாவியிலும் இருக்கும் சிஆர்2032 என்ற பொத்தான் மின்கலமும் லித்தியமே; ஆனால் அது 3 வோல்ட். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் திசு வெந்துபோகும் அளவுக்குக் காரம் உருவாகும். அவ்வாறு நேர்ந்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் வெளியான மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், சிறு மின்கலங்களையும் உள்ளடக்கி, அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்தன. குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிச் சின்னத்தை அச்சிடச் சொல்கின்றன. பாதரசம், காட்மியம் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு வைக்கின்றன. வரவேற்கத்தக்கவை. ஆனால் அவற்றின் கவனம் மின்கலம் இறந்தபின் தொடங்குகிறது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய மின்கலச் சட்டமோ, மறுமின்னேற்றம் செய்ய இயலாத சிறு மின்கலங்களின்மீது, குறிப்பிட்ட பயன்பாடுகளில் அது குறைந்தது சராசரியாக எவ்வளவு நேரம் உழைக்கும் என்பதை அச்சிட வேண்டும் என்கிறது. அதற்கான சோதனை முறைகள் பன்னாட்டுத் தரநிலைகளில் ஏற்கெனவே உள்ளன: பொம்மைக்கு ஒன்று, வானொலிக்கு ஒன்று, ஒளிப்படக் கருவிக்கு ஒன்று. புதிதாகக் கண்டுபிடிக்க ஏதுமில்லை. சிறிய உறையில் இடமில்லை என்பார்கள். சலுகை அறிவிப்புக்கு இடம் இருக்கும் அட்டையில் மூன்று எண்களுக்கு இடம் இல்லாமல் போகாது.

குறைந்த கழிவை உண்டாக்கும் வழியும் இதுவே. தவறான கருவியில் இட்டுப் பாதி ஆற்றலோடு எறியப்படும் மின்கலத்தை எத்தனை திறமையாகத் திரட்டினாலும், அந்தப் பாதி திரும்பி வராது. திருவனந்தபுரத்தில் வீடு வீடாக வந்து மட்காத கழிவைப் பெறும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் சாக்கில் விழும் மின்கலங்களின் எண்ணிக்கை, நாம் கடையில் செய்யும் தேர்விலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

சட்டம் வரும்போது வரட்டும். ஆய்வாளர்களாகிய நாம் இன்றே செய்யத்தக்கவை உள்ளன. கருவியின் அமைப்புப் பட்டியலில் மின்கல வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். என் கருவியில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. லித்தியம் இட்டால் திரையை நம்பாமல் நாள்காட்டியை நம்புங்கள். இட்ட தேதியைக் கருவியின்மேல் ஒட்டுங்கள். ஒரே தொகுதியில் இரு வகையையும் கலக்காதீர்கள். களப்பணி பற்றிய ஆய்வேட்டில் உணரியின் பெயரையும் துல்லியத்தையும் எழுதும் நாம், அதற்கு மின்சாரம் தந்தது எது, எப்போது மாற்றப்பட்டது என்பதையும் ஒரு வரியில் எழுதலாம். தரவில் இடைவெளி இருந்தால் காரணத்தையும் மறைக்காமல் எழுதலாம்.

என் ஆய்வேட்டின் அட்டவணையில் அந்தப் பதினெட்டு நாள்கள் வெறுமையாகவே இருக்கும். கீழே காரணம் எழுதியிருக்கிறேன். உங்கள் களக்கருவிகளில் இப்போது எந்த மின்கலம் இருக்கிறது, எப்போது இட்டது என்று தெரிந்தவர்கள் கருத்துப்பகுதியில் சொல்லுங்கள். தெரியாதவர்கள், மழைக்கு முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.