பாஸ்வேர்டு போகலைன்னா யார் தப்பு?

ராத்திரி 10 மணி. ஆண்டாப் ஹில் வீட்டுல சாப்பாட்டுல கை வைக்கிறேன், போன். "தம்பி, காலையில பாஸ்வேர்டு மாத்தினேன். கம்ப்யூட்டர் திறக்குது, மெயின்ஃப்ரேம் திறக்கல." கணக்குப் பிரிவு அக்கா, மாசக்கடைசி வேலை. "ஒழுங்கா டைப் பண்ணுங்க"ன்னு எரிஞ்சு விழுந்தேன். ஜிடிபி நகர் போற கடைசி லோக்கலையும் விட்டுட்டாங்க, பாவம். தப்பு எங்க மேலதான்.

விஷயம் இதுதான் மக்களே. விண்டோஸ் பாஸ்வேர்டை அரைச்சு ஹாஷாத்தான் வைக்கும். அரைச்ச மாவுலேர்ந்து அரிசி எடுக்க முடியுமா? மாத்துற அந்த நொடியில டொமைன் கண்ட்ரோலர்ல இருக்குற ஃபில்டர் பிடிச்சு அனுப்பினாத்தான் உண்டு. எங்ககிட்ட 3 கண்ட்ரோலர். புதுசா வந்ததுல ஃபில்டரே போடல! அக்கா மாத்தினது அது வழியா. ஃபில்டரைப் போட்டு, ரீபூட் பண்ணி, மறுபடி மாத்தச் சொன்னோம். சரியாச்சு. சிலருக்குப் போகுது, சிலருக்குப் போகலைன்னா முதல்ல இதைப் பாருங்க. அடுத்து நீளம். மெயின்ஃப்ரேம் ஆர்ஏசிஎஃப்-ல சாதா பாஸ்வேர்டு 8 எழுத்தைத் தாண்டாது.

என்னைக் கேட்டா, பாஸ்வேர்டை சிஸ்டம் சிஸ்டமா சுமக்குறதே வேண்டாம். முடிஞ்ச இடத்துல கெர்பரோஸ் மாதிரி டிக்கெட்டை நம்பட்டும். மாசாமாசம் மாத்துற கட்டாயத்தையும் தூக்குங்க. அமெரிக்காவோட என்ஐஎஸ்டி 2017லயே வேண்டாம்னுச்சு. மைக்ரோசாஃப்ட்டும் 2019ல தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலேர்ந்து எடுத்துடுச்சு. நம்ம ஆளுங்கதான் விடமாட்டேங்குறாங்க.

மறுநாள் மன்னிப்பு கேட்டேன். "அடுத்த மாசமும் மாத்தணுமா தம்பி?"ன்னாங்க. பதில் சொல்ல முடியல :(