கணினிக்குக் கெடு: விண்டோஸ் 10 பற்றி எங்கள் நிலைப்பாடு

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளில் கணினி மையம், டி.டி.பி. நிலையம், பழுதுபார்க்கும் கடை நடத்துவோர் கூடிப் பேசி ஏற்றுக்கொண்ட அறிக்கை

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து எங்கள் கடைகளுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: “கம்ப்யூட்டர மாத்தணுமாண்ணே?” ஒரு கடையில் “புதுசு வாங்கிருங்க” என்கிறார்கள். நாலு கடை தள்ளிப் போனால் “ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க” என்கிறார்கள். இரண்டு பதிலும் தப்பு என்பது எங்கள் கருத்து. நன்றாக ஓடுகிற கணினியைத் தேதி முடிந்துவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டோம். பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் ஊராரின் ஆதார் நகலையும் வங்கிக் கணக்கையும் திறக்கவும் மாட்டோம். இந்த இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வழி இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது லினக்ஸ் என்னும் கட்டணமில்லாத இயங்குதளம். சிலருக்கு மட்டும் அது இன்னும் சரிப்படாது. அதற்கான காரணத்தையும் அதற்கு யார் பொறுப்பு என்பதையும் ஒளிக்காமல் சொல்வதுதான் இந்த அறிக்கை.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். இதுதான் கடைசி விண்டோஸ் என்று அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மேடையிலேயே சொன்னார். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. ஆறே ஆண்டில், 2021 அக்டோபரில், விண்டோஸ் 11 வந்தது. அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை. 2017-க்கு முன்னால் செய்த கணினிகளில் அநேகமாக எதற்கும் உள்ளே இடமில்லை. உலகம் முழுக்க 24 கோடி கணினிகள் இப்படி வெளியே நிற்கும் என்று கானலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 கடைசியில் கணக்குச் சொன்னது.

டிபிஎம் வெறும் ஏமாற்று வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. மறையாக்கத் திறவுகோலைத் தனிச் சில்லில் பூட்டி வைப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆறாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி போட்ட பெட்டி கடிதம் அடிக்கவும் பட்டா எடுக்கவும் கல்லூரி விண்ணப்பம் போடவும் லாயக்கில்லை என்று எந்த மெக்கானிக்கும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல மாட்டார். சென்னை ரிச்சி தெரு வழியாக நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்த பழைய ஆபீஸ் கணினிகள் பல இந்த ரகம். பெரிய கம்பெனி ஐந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்ததை நாம் வாங்கி இன்னும் ஐந்து வருஷம் ஓட்டுவோம். அந்த இரண்டாவது ஐந்து வருஷத்தைத்தான் இந்தக் கெடு வெட்டுகிறது.

புதிது வாங்குவதற்கும் இது காலமில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறைக் கடைகளுக்கு ராம் விற்றுவந்த மைக்ரான் அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அமெரிக்காவில் எங்கோ ஒரு தரவு மையம் சில்லு வாங்குவதற்கான விலையை மடவார் வளாகத்து ஜெராக்ஸ் கடைக்காரரும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

மைக்ரோசாஃப்டே ஒரு நீட்டிப்பு வைத்திருக்கிறது. வீட்டுக் கணினி என்றால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். அதற்கு 30 டாலர் கட்ட வேண்டும். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அவர்களுடைய சர்வரில் ஏற்றிவைக்க வேண்டும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதால் அங்கே அந்த ஏற்றிவைக்கும் நிபந்தனையைத் தளர்த்தினார்கள். சண்டை போட ஆளில்லாத இடத்தில் நிபந்தனை அப்படியே நிற்கிறது. கடை, நிறுவனம் என்றால் கணக்கு வேறு: ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு, மூன்று ஆண்டுக்கு மேல் கிடையாது. மூன்றையும் கூட்டினால் 427 டாலர். அந்தக் காசுக்கு நல்ல பழைய கணினி ஒன்றுக்கு மேலேயே வாங்கலாம். எனவே வீட்டில் ஒரே கணினி வைத்திருப்பவர்கள் இந்த நீட்டிப்பை எடுத்துக்கொண்டு நிதானமாக யோசிக்கட்டும் என்பது எங்கள் ஆலோசனை. கடைகளுக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

“ஒண்ணும் ஆகாது” என்கிறவர்களுக்கு 2017 மே மாதம் ஞாபகம் இருக்கலாம். வான்னக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் ஒரு வார இறுதியில் நூற்றைம்பது நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், கொடுத்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். நம் மாநிலத்திலும் 2021 செப்டம்பரில் தலைமைச் செயலகப் பொதுத்துறையின் கணினிகள் இப்படிப்பட்ட நிரலிடம் சிக்கின. கோட்டைக்கே அந்தக் கதி என்றால், பென்டிரைவ் மாற்றி மாற்றிச் செருகும் கணினி மையத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் மேசையில் இருப்பது எங்கள் கோப்பு மட்டுமில்லை. முதியோர் ஓய்வூதியத்துக்கு வந்த பாட்டியின் கைரேகையும் வில்லங்கச் சான்றுக்கு வந்தவரின் கைபேசிக்கு வரும் ஓடிபியும் அந்தக் கணினி வழியாகத்தான் போகின்றன.

தொழிலுக்குள்ளேயே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்காத விண்டோஸை ஆக்டிவேட்டர் போட்டு ஓட்டுவதும், விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத கணினியில் சோதனையைத் தாண்டவைத்து அதை ஏற்றிக் கொடுப்பதும் நம் தெருக்களில் சகஜமாகிவிட்டது. முதலாவதில் அந்த ஆக்டிவேட்டரே திருடனாக இருக்கலாம். இரண்டாவதில் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பு ஏற்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு மிகப் பழைய செயலிகளில் தொடங்கவே தொடங்காது. இந்த இரண்டு வேலையையும் இனி செய்ய மாட்டோம். கேட்டு வருகிறவர் அடுத்த கடைக்குப் போவார் என்பது தெரியும். போகட்டும்.

இனி லினக்ஸ். இதைப் புதுப்பழக்கம் என்று சொல்வது தமிழ்நாட்டின் சரித்திரத்தை மறப்பது. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே அங்கே சூசே லினக்ஸ் ஓடியது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி முடிவுக்கு வந்தபோது, மத்திய அரசின் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசே தன் துறைகளிடம் சொன்னது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் விண்டோஸும் ஒரே பெட்டியில் வந்தன. 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் உபுண்டு இருக்கிறது, ஓபன் ஆபிஸ் ரைட்டர் இருக்கிறது. பிள்ளை பள்ளியில் படித்த மென்பொருள் தெருமுனைக் கடையில் இல்லை. மேற்கே நமக்குத் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அரசுப் பள்ளிக்கூடங்கள் முழுக்க லினக்ஸிலேயே ஓடுகின்றன. 2001-இல் ஐ.டி.@ஸ்கூல் என்று ஆரம்பித்த வேலை. இப்போது கைட் என்ற அரசு நிறுவனம் தனக்கென்று ஒரு லினக்ஸ் பதிப்பையே வைத்து நடத்துகிறது. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடத்தையும் தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். இங்கே மென்பொருளைக் கொடுத்ததோடு சரி.

இங்கே லினக்ஸ் ஊன்றாததற்கு முதல் காரணம் எழுத்துரு. பாமினி, வானவில், செந்தமிழ் என்று நாம் பழகிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் இருக்காது, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்று ஆணை போட்டது. பத்துப் பதினைந்து வருஷம் கழிந்தும் அலுவலகத்திலிருந்து வருகிற படிவம் பழைய எழுத்துருவில் வருவது நிற்கவில்லை. அதைத் திறப்பதற்காகவே எங்களில் பலர் பழைய விண்டோஸை விடாமல் வைத்திருக்கிறோம்.

இந்தப் பழைய எழுத்துருவின் கூட்டாளி பேஜ்மேக்கர் என்னும் பக்கவடிவமைப்பு மென்பொருள். அடோபி 2001-இல் வெளியிட்ட ஏழாம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. நம் அச்சகங்கள் கைவிடவில்லை. ஆடிப்பூரத் தேரோட்ட நோட்டீஸ், வைத்தியநாத சுவாமி கோயில் விழா அழைப்பிதழ், காதுகுத்துப் பத்திரிகை, பால்கோவா டப்பா லேபிள் என்று எல்லாம் அதில்தான். அதற்கு ஒருங்குறி தெரியாது. ஆகவே பேஜ்மேக்கர் இருக்கும்வரை பழைய எழுத்துரு இருக்கும், பழைய எழுத்துரு இருக்கும்வரை பேஜ்மேக்கர் இருக்கும். அதே வேலைக்கான கட்டணமில்லாத ஸ்க்ரைபஸ் வெகுகாலம் தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாமல் இருந்தது. அப்போது அதை ஒதுக்கிய டி.டி.பி.காரர்கள் செய்தது நியாயம். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் அந்தக் குறை தீர்ந்திருக்கிறது. லிப்ரே ஆபிஸ் டிரா பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். ஆனால் கட்டம் கலையாமல் வரும் என்று உறுதி கொடுக்க மாட்டோம். பழைய கோப்புகளின் வாசகத்தை என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் ஒருங்குறிக்கு மாற்றி, பக்கத்தைப் புதிதாகக் கட்டுவதுதான் ஒழுங்கான வழி. அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு தடவை செய்தால் போதும்.

டேலி ஓட்டுகிறவர்களை நாங்கள் இழுக்க மாட்டோம். ராஜபாளையம் மில் ஆபீஸ்களிலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளிலும் கணக்கு அதில்தான் இருக்கிறது. அது விண்டோஸுக்கென்று செய்தது. அவர்கள் தகுதியுள்ள கணினி ஒன்றை அந்த வேலைக்கென்று வைத்துக்கொண்டு மற்றதை மாற்றட்டும். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்களுக்கும் இதே சொல். எல்0 ரகக் கைரேகைக் கருவியை விட்டுப் பாதுகாப்பு கூடிய எல்1 வாங்கு என்று ஆதார் ஆணையம் சொன்னதும் வாங்கினோம். அந்தப் புதுக் கருவிகளுக்கான லினக்ஸ் இயக்கியும் விண்டோஸ் அளவுக்குச் சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்று அன்றே நிபந்தனை போட்டிருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே இருந்திருக்காது.

சுதேசி மென்பொருள் பற்றியும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் ஒருவர் ஸோஹோவுக்கு மாறியதாக அறிவித்ததும் அதன் அரட்டை செயலி ஊரெல்லாம் பேச்சானது. தென்காசி ரோட்டில் போனால் மத்தளம்பாறையில் அந்தக் கம்பெனியின் அலுவலகத்தையே பார்க்கலாம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் எங்கள் கேள்வி கம்பெனி எந்த ஊர் என்பதில்லை. அது கடையை மூடினாலோ விலையை ஏற்றினாலோ என் கோப்பை வேறொன்றில் திறக்க முடியுமா என்பதுதான். அதற்குப் பதில் திறந்த கோப்பு வடிவத்திலும் ஒருங்குறியிலும் இருக்கிறது.

எங்கள் கடைகளில் இனி நடக்கப்போவது இது. கைரேகைக் கருவியோ டோக்கனோ செருகாத, பொதுமக்கள் ஆவணம் கையாளும் கணினிகளில் லினக்ஸ் மின்ட் 22 இருக்கும். அதற்கு 2029 வரை திருத்தம் உண்டு; தமிழ்99 விசைப்பலகையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் கேட்டால் அவர் கணினியிலும் அதைப் போட்டுத் தருவோம். மென்பொருளுக்குக் காசு கிடையாது, எங்கள் உழைப்புக்கு மட்டும் கூலி. முதலில் பென்டிரைவிலேயே ஓட்டிக் காட்டுவோம். பிரிண்டர், ஸ்கேனர், வைஃபை மூன்றும் வேலை செய்தால்தான் வட்டில் கை வைப்போம்.

அரசிடம் கேட்பதும் அதிகமில்லை. இனி வாங்கும் எந்தக் கருவிக்கும் லினக்ஸ் இயக்கி இருக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதட்டும். விருதுநகர் மாவட்ட அலுவலகங்களிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு படிவமும் ஒருங்குறியில் இருக்கட்டும். 2010 ஆணையைச் செயல்படுத்தினாலே போதும், புது ஆணை வேண்டாம். 2025-26 பட்ஜெட்டில் அறிவித்த 20 லட்சம் கல்லூரி மாணவர் கணினிகளைக் கொடுக்கும்போது, லினக்ஸைச் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரிக்கு ஓர் ஆசிரியரையாவது தயார் செய்யட்டும். கழித்துக்கட்டும் அரசுக் கணினிகளை ஏலத்தில் எடைக்குப் போடும் முன் அரசுப் பள்ளிகளுக்கும் ஊர்நூலகங்களுக்கும் ஓடுகிற நிலையில் கொடுக்கட்டும்.

மற்றபடி, விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். போட்டோ, பத்திர நகல், கணக்கு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துவிட்டுக் கணினியைக் கொண்டுவாருங்கள். அதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதை எங்களில் யாராவது பார்த்துச் சொல்வோம். பார்த்துச் சொல்லக் காசு கேட்க மாட்டோம்.