யாருமே தேடலையே அங்கிள்!

போன ஞாயித்துக்கிழமை நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகலை. எழுதி இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும் போல.

புனேக்குப் பொட்டி கட்டி வந்து பதினோரு வருஷமாச்சு. வாரத்துல அஞ்சு நாள் கம்ப்யூட்டர்ல பொட்டி தட்டுற அடியேன், ஞாயித்துக்கிழமை எங்க தமிழ்ச் சபையில சண்டே ஸ்கூல் வாத்தியார். நாலுலேர்ந்து ஏழு வயசு வரைக்கும் பன்னெண்டு வாண்டுங்க. வீட்ல தமிழ், கீழே விளையாடப் போனா இந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷும் மராத்தியும். இதுங்ககிட்ட வேதாகமத்தை அப்படியே வாசிச்சா ரெண்டாவது வரியிலயே ஒருத்தன் கொட்டாவி விடுவான், இன்னொருத்தி பக்கத்துப் பொண்ணு ஜடையை இழுப்பா.

நான் திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவன். எங்களுக்கு மனப்பாட வசனமும் ஃபிளானல் போர்டும்தான். அது தப்புன்னு சொல்ல மாட்டேன், அன்னைக்குப் படிச்ச சங்கீதம் இன்னைக்கும் ஆஸ்பத்திரி வராண்டாவுல கை கொடுக்குது. ஆனா எங்களைச் சுத்தி ஊரே தமிழ் பேசிச்சு. இங்க அது இல்லையே.

அதுக்கு மாத்தா வந்ததுதான் 'கிராஃப்ட்'. பிரிண்ட் எடு, கலர் அடி, பஞ்சு ஒட்டு. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல மட்டும் பஞ்சு ஒட்டின ஆடு ஏழு நிக்குது. இது என்ன கதைன்னு எம்பொண்ணைக் கேட்டா, "ஷீப் கதைப்பா" அப்படிங்கிறா. அவ்வளவுதான்!

என் கட்சி இதுதான். கதையில வர்றவங்க கையால காலால என்ன செஞ்சாங்களோ, அதையே பிள்ளைங்களும் செய்யணும். அழகா ஒரு பொருள் செஞ்சு வீட்டுக்குக் கொண்டு போறது முக்கியமே இல்லை.

நோவா பேழை நீளம் 300 முழம்னு ஆதியாகமத்துல இருக்கு. பூக்காரம்மா அளக்குற அதே முழம்தான். ஒரு கயித்துல முழக் கணக்கு முடிச்சு போட்டு அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல அளக்க விட்டேன். 120 முழத்துலயே கேட் வந்துடுச்சு. "அங்கிள், ரோட்டுக்கும் போகணுமா?"ன்னு ஒருத்தன் வாயைப் பிளந்தான். 450 அடின்னு நான் சொல்லியிருந்தா அது வெறும் நம்பர்.

கோலியாத் ஆறு முழமும் ஒரு சாணும். அதாவது ஒம்பதே முக்கால் அடி. சுவத்துல கோடு போட ஸ்டூல் மேல ஏற வேண்டியதாப் போச்சு. முன்னாடியெல்லாம் வகுப்புலயே பெரிய பையனைத்தான் கோலியாத் ஆக்குவோம். ஒவ்வொரு தடவையும் கல்லடி வாங்குறது அவன்தான்! இப்ப எங்களுக்குச் சுவருதான் கோலியாத்.

மாவு முழுக்கப் புளிக்கிற உவமைக்கு இட்லி மாவை விட்டா வேற என்ன வேணும்? சனிக்கிழமை ராத்திரி டப்பாவுல கோடு போட்டு மாவை வைக்கச் சொன்னேன். காலையில மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்குது. கடுகு விதைக்கு அஞ்சறைப்பெட்டி. எரிகோவுக்கு ஆறு நாள் தினம் ஒரு சுத்து, ஏழாம் நாள் ஏழு சுத்து, ஆக மொத்தம் 13 சுத்து. ஒரே மதியத்துல சுத்தி முடிச்சப்ப, சும்மா நடக்குறதுக்கே எவ்வளவு பொறுமை வேணும்னு அதுங்களுக்கும் புரிஞ்சுது, எனக்கும் புரிஞ்சுது.

சரி, போன ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்.

லூக்கா 15, காணாமப் போன ஆடு. பஞ்சு வேண்டாம்னு முடிவு பண்ணி, சாக்பீஸ்ல பட்டி வரைஞ்சு பதினோரு பேரை உள்ளே நிறுத்தினேன். அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் ஒளிஞ்சுக்கப் போனான். மத்தவங்க கண்ணைத் திறக்கவும் ஆராதனை முடிஞ்சு டீயும் சமோசாவும் வரவும் சரியா இருந்துச்சு. பட்டி காலி. நானும் கப்பைக் கையில வாங்கிக்கிட்டு அடுத்த மாச லிஸ்ட் பத்தி யார்கிட்டயோ பேச ஆரம்பிச்சுட்டேன்.

கால் மணி நேரம் கழிச்சு அடுக்கி வச்ச சேர்களுக்குப் பின்னாலேர்ந்து தலையெல்லாம் தூசியோட வந்தான். அழலை. "யாருமே தேடலையே அங்கிள்?"

சமோசா தொண்டையில நின்னுடுச்சு.

மன்னிப்பு கேட்டேன். எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு, மறுபடி ஒளிஞ்சுக்கோடா, தேடுறோம்னு சொன்னேன். தலையை ஆட்டினான். "நீங்க ஒளிங்க. நான் தேடுறேன்." ஒளிஞ்சேன். ரெண்டு நிமிஷத்துல என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தான். அதுக்கப்புறம்தான் அவன் முகத்துல சிரிப்பே வந்துச்சு.

சபைப் பெரியவர் ஒருத்தர், "வேதத்தை விளையாட்டாக்கிட்டீங்களே தம்பி"ன்னு முன்னாடியே சொல்லியிருக்கார். எனக்கு இப்பத் தோணுறது வேற. வசனத்தை வாயால சொல்லிக் கொடுத்துட்டு நாம அதுபடி நடக்கலைன்னா, பிள்ளைக்கு அது தெரிய நாளாகும். கையால காலால செய்ய வச்சா உடனே தெரிஞ்சுடும். தேடுற மேய்ப்பன் கதையை நடத்திட்டு நான் தேடலை. அன்னைக்கு அந்தப் பிள்ளை படிச்ச பாடம் அதுதான்.

அதனால நிறையச் செய்யாதீங்க. ஒரு கதைக்கு ஒரே ஒரு செயல் போதும். ஆனா ஆரம்பிச்சா கதை முடியுற வரைக்கும் போங்க. ஆடு வீட்டுக்கு வந்து சேரட்டும், எல்லாரும் கை தட்டட்டும், சமோசா அப்புறம்.

வர்ற வாரம் காணாமப் போன வெள்ளிக்காசு. பத்து ஒரு ரூபாய் நாணயம், ஒரு விளக்கு, ஒரு துடைப்பம். டீ கொண்டு வர்ற அண்ணன்கிட்ட இப்பவே சொல்லி வச்சுட்டேன், பத்தாவது காசு கிடைக்கிற வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்கன்னு.