மூலமும் நமது கூச்சமும்

திருகோணமலைத் துறைமுகத்திற் பல்லாண்டு வேலை பார்த்த அன்பர் ஒருவர் எமது அயலவர். மலத்துடன் இரத்தம் போவதை எட்டு மாதங்களாகக் கண்டும் அவர் மனைவியிடங்கூட வாய் திறக்கவில்லை. சூட்டு உடம்பு, மூலந்தான் எனத் தாமே முடிவு செய்து, மோரும் கருணைக்கிழங்குமாக நாட்களைக் கழித்தார். ஒரு வெள்ளிக்கிழமை, கோணேசர் கோயில் ஏற்றத்தில் மூச்சு வாங்கி அவர் அமர்ந்துவிட்ட பின்னரே விஷயம் வெளிவந்தது. வைத்தியர்கள் குழாய்க் கருவி செலுத்திப் பார்த்தனர். மூலம் இருந்தது உண்மை. அதற்கு மேலே, பெருங்குடலில், ஒரு கட்டியும் இருந்தது. அவரது சம்மதத்துடனேயே இதனை எழுதுகின்றோம்.

மூலம் என்பது யாது? மலவாயிலின் உட்புறத்தில், இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதைப்பகுதிகள் எல்லோருக்கும் உண்டு. வாயிலை இறுக மூடுவதற்கு அவை துணைபுரிவன. அவை வீங்கிக் கீழே சரிவதே மூலநோய் என்பதை 1975ஆம் ஆண்டில் தொம்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் விளக்கினார். நாம் சூடு என்று சொல்வதன் பின்னே பெரும்பாலும் மலச்சிக்கலே நிற்கின்றது. தவிட்டை நீக்கிய அரிசியும், நாள்தோறும் பாணும், வெயிலில் உழைத்தும் போதிய நீர் அருந்தாமையும் மலத்தை இறுக்குகின்றன. பின்பு முக்க வேண்டியதாகின்றது. கர்ப்பிணிகட்கும் இது வருவதுண்டு. கைத்தொலைபேசியுடன் மலசலகூடத்துள் நுழைந்து அரைமணி நேரங் கழித்து வெளிவரும் மாணவச் செல்வங்களும் இதனைக் கவனிப்பார்களாக!

உள்மூலத்தில் நோவு அரிது. பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டும். நாளடைவில் சதை வெளியே தள்ளும். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தால் தாங்கவொண்ணா நோவெடுக்கும். மலங்கழிக்கையில் வெட்டுவது போன்ற நோவு பெரும்பாலும் வெடிப்பினால் வருவது. சீழ் வடிவது பவுத்திரமாயிருக்கலாம். நம்மவர் இவை யாவற்றையும் மூலம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர்.

பெரும்பாலோர்க்குக் கத்தி வேண்டியதில்லை. சிவப்பரிசி, குரக்கன், கீரை, போதிய நீர் ஆகியனவே முதல் மருந்து. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை அறிந்த நம்மூரவர்க்கு இளஞ்சூட்டு நீரின் சுகத்தைச் சொல்ல வேண்டுமா? அகன்ற பாத்திரத்தில் அந்நீரை நிரப்பிப் பத்து நிமிடம் அமர, நோவு தணியும். இவற்றுக்கு அடங்காத உள்மூலத்தின் அடியில் சிறு றப்பர் வளையம் மாட்டுவர். அது இரத்தவோட்டமின்றிச் சுருங்கி உதிரும். இம்முறையை 1963இல் பரப்பியவர் அமெரிக்க வைத்தியர் பரன்.

1980ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்போல் வீரர் ஜோர்ஜ் பிரெட், நாடே பார்த்திருந்த இறுதித் தொடரின் நடுவில் மூலநோவினால் ஆட்டத்தை விட்டு நீங்கினார். மறுநாள் சிறு சத்திரசிகிச்சை. அடுத்த ஆட்டத்தில் மீண்டும் களத்தில். ஊரறிந்ததனால் அவருக்கு இழிவு ஏதும் நேரவில்லை.

இரத்தம் கருத்திருந்தாலோ, மலத்தோடு கலந்திருந்தாலோ, மலம் போகும் வழக்கம் மாறினாலோ, காரணமின்றி உடல் மெலிந்து களைத்தாலோ ஆஸ்பத்திரிக்குச் செல்லத் தாமதித்தல் தகாது. நாற்பதைக் கடந்தோரும், குடும்பத்திற் குடற்புற்று உள்ளோரும் சிவப்பு இரத்தத்தையும் காட்டியே ஆகவேண்டும்.

அயலவருக்குக் கட்டியை வெட்டி அகற்றிவிட்டனர். நேற்று மாலை கடற்கரையில் அவரைக் கண்டோம். தினமும் குரக்கன் பிட்டு அலுத்துவிட்டதென்று குறைப்பட்டுக்கொண்டார்.