விற்கும் முன் வீட்டைப் பரிசோதிப்பது வீண் செலவா?

பிள்ளையின் படிப்புக்கு, கடனை அடைக்க, கொழும்பில் கடை போட என்று மாவனல்லை, ஹெம்மாத்தகம, அரநாயக்க பக்கங்களில் வீடு விற்போர் பலர். விற்பதற்கு முன் ஒரு பொறியியலாளரிடம் வீட்டைக் காட்டுங்கள் என்றால், "குறை தெரிந்தால் சொல்ல வேண்டி வரும், தெரியாவிட்டால் நமக்குப் பொறுப்பில்லை" என்கிறார்கள். இந்தக் கணக்குச் சரிதானா?

முதலில் லாப நட்டத்தைப் பார்ப்போம். வாங்குபவர் வங்கிக் கடன் எடுத்தால் மதிப்பீட்டாளர் வருவார். முற்பணம் வாங்கி, அதை நம்பி வேறிடத்தில் வாக்கும் கொடுத்த பிறகு சுவர் வெடிப்பு அவர் கண்ணில் பட்டால், விலை பேசும் பலம் நம்மிடம் இருக்காது. முன்பே தெரிந்தால் திருத்தலாம், அல்லது விலையில் கழித்துக் கொடுக்கலாம். மேலும், நம் நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவரும் பொறுப்பாகலாம். தெரியாது என்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது.

கேகாலை மாவட்டத்தில் இது பணத்தோடு முடியும் விஷயமல்ல. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, 100க்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து உயிர்கள் பலியாகின. சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய வீட்டில் கூரையையும் மின்கம்பிகளையும் மட்டும் பார்த்தால் போதுமா? நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கிளம்பிய கலங்கல் ஊற்று, வயிறு தள்ளிய தாங்கு சுவர் ஆகியவற்றைக் கண்டால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுங்கள். மண்சரிவு அபாய வலயப் படங்களைத் தயாரிப்பதும் அந்நிறுவனமே.

எல்லா வீட்டுக்கும் முழுப் பரிசோதனை வேண்டும் என்பதல்ல என் வாதம். சமதரையிலுள்ள பழைய வீட்டை இடித்துக் கடை கட்டவே ஒருவர் வாங்குகிறார் என்றால் அந்தச் செலவு தேவையில்லை. மலைச்சரிவிலுள்ள வீட்டுக்கோ அது தவிர்க்கக் கூடாத செலவு.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். கடையில் ஈர மிளகை உலர்ந்ததென்று விற்கக் கூசும் நாம், வீட்டை விற்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா? உறுதியில் கையெழுத்திட்டு நாம் வெளியேறிய பின், மழை இரவுகளில் அங்கே தூங்கப்போவது இன்னொருவரின் பிள்ளைகள்.